வேண்டாம் என்ற வண்டிகள்

எனக்கு எதையும் சட்டென்று நம்ப வராது. காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். பூம்பாறைப் பூண்டு என்று யாராவது விற்றால் ஒரு பல்லை உரித்துக் கடித்துவிட்டுத்தான் பையை நீட்டுவேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'செக்போஸ்ட்'. பழைய கார் ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்ற நிலைமை வந்தபோது, இந்தக் குணம் இப்போதாவது வீட்டுக்கு உதவுமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எங்கள் பிழைப்பு துணி. கொடைக்கானலில் நாலு காட்டேஜ்களிலிருந்து படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் எடுத்து, வெளுத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுக்கிறோம். மேலே துவைத்தால் காயாது. மதியம் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரவாடை போகாது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் விடிகிற நேரத்துக்கு மூட்டைகளைக் காரில் அடைத்துக்கொண்டு பழனிக்கு இறங்குவோம். அங்கே என் நாத்தனார் வீட்டில் மெஷின் இருக்கிறது, மேலே பெரிய மொட்டைமாடி இருக்கிறது. அந்த வெயிலில் காலையில் விரித்தது மதியத்துக்குள் அப்பளமாகிவிடும். தேய்த்து மடித்துச் சாயங்காலம் மலை ஏறிவிடுவோம். கார் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே இல்லை.

அவர் இருபத்தைந்து வருடம் டூரிஸ்ட் கார் ஓட்டியவர். ஸ்டாண்டில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. எஞ்சினைக் காதால் பார்க்கிறவர் என்பார்கள். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு அரை நிமிடம் கண்ணை மூடுவார். இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். பழைய வண்டி வாங்கப் போகிற டிரைவர்கள் எல்லாரும் முதலில் இவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

அப்பேர்ப்பட்டவருடைய கார்தான் மாசிக் கடைசியில் ஒன்பது மூட்டைத் துணியோடு நடு மலையில் நின்றுபோனது. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே எனக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "என்னமோ உருளுறாப்புல கேக்குதுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை பதிலே வரவில்லை. இன்னொரு தடவை, "மூட்டைக் கனத்துக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். எஞ்சின் வைத்தியரே சொன்னபிறகு எனக்கென்ன வந்தது என்று விட்டுவிட்டேன். கட்டி இழுத்துக்கொண்டு போன மெக்கானிக் அடியில் படுத்து ஆயிலை இறக்கி, அதில் மினுங்கிய இரும்புத் தூளை விரலில் தொட்டுக் காட்டினார்.

"அண்ணே, இது ஒரு மாசமாவது கத்தியிருக்கும். நீங்களா இத விட்டீங்க?"

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். எஞ்சினுக்குச் செலவழிப்பதற்குப் பதிலாக வேறு பழைய காரே வாங்கிவிடலாம் என்றார் மெக்கானிக். இதில் இவருக்கு ஏதோ லாபம் இருக்கிறது என்று நினைத்து, இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தை வீணாக்க எங்களுக்கு வசதியில்லை. சித்திரை பிறந்தால் சீசன். பெரிய காட்டேஜின் மேனேஜர் நல்ல பையன், ஆனால் அவனுக்கும் மேலே ஒரு முதலாளி உண்டு. "அக்கா, திண்டுக்கல்லேர்ந்து ஒரு லாண்டரி கம்பெனி டெய்லி வேன் அனுப்புறோம்னு சொல்றாங்க. ஓனர் கேட்டுக்கிட்டே இருக்காரு. சீசன் ஸ்டார்ட் ஆகுறதுக்குள்ள நீங்க கார் ரெடி பண்ணிட்டா நான் பேசிக்கிருவேன். இல்லன்னா என் கையில இல்லக்கா" என்றான். அந்த ஒரு காட்டேஜ் போனால் மற்ற மூன்றும் பின்னாலேயே போகும். போனது திரும்பி வராது. வாடகை ஜீப்பில் துணி ஏற்றினால் வெளுத்த கூலி முழுவதும் ஜீப்புக்கே போனது. எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது.

முதல் கார் பழனியில், பை-பாஸ் ரோட்டில் நின்றது. விற்கிறவர் வாயைத் திறந்ததுமே, "லேடி டாக்டர் ஓட்டுன வண்டிம்மா, சிங்கிள் ஓனர்" என்றார். தமிழ்நாட்டில் விலைக்கு வருகிற பழைய கார் எல்லாம் டாக்டர் ஓட்டியதாகத்தான் இருக்கிறது. இவர்கள் எப்போது நோயாளியைப் பார்க்கிறார்களோ தெரியவில்லை. நான் பானெட்டில் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. காலை ஒன்பது மணிக்கு நிழலில் நிற்கிற கார் எதற்குச் சுடவேண்டும்? குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் அது என்ன பாடு படுத்தும் என்பது நமக்குத் தெரியக்கூடாதென்று முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து கிடந்தது. மீட்டரோ முப்பதாயிரத்தைத் தாண்டவில்லை என்று சாதித்தது.

"டாக்டரம்மா கிளட்சுல கால வச்சுக்கிட்டேதான் ஊசி போடுவாங்களோ?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கண்ணை மூடினார். நிமிர்ந்து, "வேண்டாம்" என்றார். எனக்கும் வேண்டாம்தான் என்பதால் அப்போது நான் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது கார் கொடைக்கானலிலேயே, ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் இருந்தது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெங்களூரில் மகனிடம் போகிற ஒரு பெரியவருடையது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் முங்கின வண்டியென்றால் எவ்வளவு கழுவினாலும் அந்தக் கடைசி சாணில் சேற்றுக் கறை நிற்கும். ஒன்றுமில்லை. கால் விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தேன். நாய் வாடை மட்டும் அடித்தது. "ஸண்டே சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும்தாம்மா எடுப்போம். வெரி ஹானஸ்ட் கார்" என்றார் பெரியவர். இவ்வளவு யோக்கியமான காரை ஏன் இந்த விலைக்குக் கொடுக்கிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது. இருந்தாலும் மனசுக்குப் பிடித்துவிட்டது. பின் சீட்டை மடக்கினால் பன்னிரண்டு மூட்டை பிடிக்கும் என்று கண்ணாலேயே அளந்துவிட்டேன்.

அவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார், கண்ணை மூடினார், "வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டுக் கேட்டை நோக்கி நடந்தார்.

"ஏன் சார், எனி சவுண்ட்?" என்று பெரியவர் பின்னாலிருந்து கேட்டார். இரண்டாம் தடவை உரக்கவே கேட்டார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. வயசான மனுசனுக்கு ஒரு பதில் சொன்னால் என்ன, இவ்வளவு திமிரா என்று எனக்கே கோபம் வந்தது. நான்தான் அந்தப் பெரியவரிடம் எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். நாலாம் நாள் அந்தக் காரை ஸ்டாண்டிலிருந்தே ஒரு டிரைவர் வாங்கினார். "லட்டு மாதிரி வண்டிக்கா, அண்ணன் எப்படி விட்டாருன்னு தெரியல" என்று என்னிடமே வந்து சொன்னார்.

மூன்றாவது, போனில் படம் பார்த்தது. கோயம்புத்தூர்க்காரர் விற்கிறார். மேலே கொண்டுவந்து காட்டுங்கள் என்றால், "இ-பாஸ் எடுக்கணும், அலைச்சல், நீங்களே இறங்கி வாங்க" என்றார். இ-பாஸ் என்ன, போனில் இரண்டு தட்டுத் தட்டினால் வருகிறது. மலை ஏறிக் காட்டத் தயங்குகிற கார், மூட்டையோடு ஏறுமா? அதை நானே வேண்டாம் என்றேன். நாலாவதை வத்தலகுண்டுக்குப் போய்ப் பார்த்தோம். எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அவர் "வேண்டாம்" என்றார். ஏன் என்றதற்கு, "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்றார்.

அன்று வத்தலகுண்டிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது என் சந்தேகம் விற்கிறவர்களை விட்டுவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பியது. ஒருவன் ஒரு காரை வேண்டாம் என்று சொல்லலாம். எல்லாவற்றையும் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்கிறான் என்றால் மனசில் வேறு ஏதோ கணக்கு இருக்கிறது. ஏற்கெனவே ஏதாவது வண்டியை முடித்து வைத்திருக்கிறாரா? யாரிடமாவது கமிஷன் பேசியிருக்கிறாரா? யோசிக்க யோசிக்க வரிசையாக வந்தது. கொஞ்ச நாளாகவே போன் வந்தால் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீயே பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுகிறார். இருபத்தைந்து வருடம் ஸ்டாண்டில் வாய் ஓயாமல் கிடந்தவர், இப்போது அங்கே போனால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுகிறார். முன்பெல்லாம் பழனிக்கு அவர் மட்டும்தான் போய் வருவார். இரண்டு வருடமாக, மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்று என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொள்கிறார். மடியில் கனமில்லாதவர் எதற்கு இப்படி நடந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தேன்.

சந்தேகத்துக்கு நெய் வார்க்கிற மாதிரி ஐந்தாவது காருக்கு அவரே ஒரு தரகரைப் பிடித்தார். பழனியில் பழைய கார் யார்டு வைத்திருக்கிற ஒரு கிழவர். ஒரு காலத்தில் ஒட்டன்சத்திரம் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர். மாடு போய்க் கார் வந்தும் அவர் பழைய முறையை விடவில்லை. விலையை வாயால் சொல்லமாட்டார். தோளில் கிடக்கிற துண்டை எதிராளியின் கைமேல் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை, இந்த மடிப்பைத் தொட்டால் அதில் பாதி. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

என் வீட்டுக்காரருக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு பிடித்துப்போனது. யார்டில் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் துண்டு விரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டுவதும் உதட்டைப் பிதுக்குவதுமாக நின்றார்கள். நான் கால் கடுக்க நின்றேன்.

"என்ன விலைங்க பேசுறீங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. கிழவர்தான் என் பக்கம் திரும்பி, "பொறு தாயி, வெரசா முடிச்சிருவோம்" என்றார்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. துணி வெளுக்கிறவளுக்கு அது நன்றாகவே தெரியும். துண்டுக்குள் இரண்டு விலை பேசலாம்: ஒன்று காருக்கு, ஒன்று இவர் பைக்கு. முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று நான் துண்டைப் பிடித்து இழுக்காத குறையாகச் சொன்னேன். கிழவர் எங்கள் பழைய காரின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். சந்தேகப்படுவதில் அவரும் எனக்குச் சளைத்தவரில்லை.

மலைக்காரர்கள் சமதரையில் கார் ஓட்டிப் பார்ப்பதில்லை. சமதரையில் கட்டைவண்டிகூட நன்றாகத்தான் ஓடும். அடிவார செக்போஸ்ட்டைத் தாண்டி மூன்று கொண்டை ஊசி வளைவாவது ஏறவேண்டும். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டாவது கியரில் போகவேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடித்துவிட்டு ஒரு மூச்சு நேரம் காது கொடுக்கவேண்டும். மேலேயிருந்து பதில் ஹாரன் வந்தால், பெரிய வண்டி ஒடித்துத் திரும்பப் போகிறது என்று அர்த்தம். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது சட்டம். ஆனால் பஸ்ஸுக்கு அந்த வளைவு முழுவதும் வேண்டும், அதனால் கீழே இருப்பவன் நின்றுவிடுவான். எங்கள் ஊரில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற எவனுக்கும் இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் நான் ஆரம்பித்தேன்.

"அந்தாளுகிட்ட எவ்வளவு வாங்குறீங்க?"

"என்னது?"

"நல்லா நடிக்கிறீங்க. நல்ல காரையெல்லாம் வேண்டாம் வேண்டாம்னுட்டு, இங்கன வந்து துண்டுக்குள்ள பேசுறீங்க. பொண்டாட்டிக்குத் தெரியாம அப்படி என்ன சோலி?"

அவர் என் முகத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "கூறுகெட்டுப் பேசாத" என்றார். எனக்கு ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அதை அவர் பார்க்கக்கூடாது என்று முகத்தை முழுவதுமாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இனி வீடு போய்ச் சேருகிறவரை இந்த மனுசன் மூஞ்சியில் முழிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் வளைவு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்கு முன்னால் இவர் ஹாரன் அடித்தார். மேலேயிருந்து பதில் வந்தது. ஒரு நீள ஹாரன், இடைவெளி விட்டு இன்னொரு நீள ஹாரன். நான் பாறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நிற்பார் என்று நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. ஒரே சீராக ஏறியது. மூன்றாவது ஹாரன் தலைக்கு மேலேயே கேட்டபோது திரும்பினேன். வளைவு முழுவதும் பஸ்ஸாக இருந்தது.

நான் கத்தியது எனக்கு நினைவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தது நினைவிருக்கிறது. அவரும் அதே நொடியில் மிதித்திருக்கிறார். கார் குலுங்கி, அணைந்து நின்றது. பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வேல் படம் எனக்குக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. பஸ் டிரைவர் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே தள்ளி, எங்கள் இரண்டு பேருடைய வம்சத்தையும் இழுத்துத் திட்டினார். உள்ளே இருந்த பக்தர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஸ்டாண்டில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுக்கிறவர் என் வீட்டுக்காரர். அன்று பேசாமல் கையைக் கூப்பினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"என்ன சொல்றான்?"

நாலடி தூரத்தில் நின்று அந்த மனிதர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இவர் என்னிடம் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

காரை மெல்லப் பின்னால் இறக்கி, ஓரமாக நிறுத்தி, பஸ்ஸை ஒடித்துப் போகவிட்டார். நான் அவர் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பிக் கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம். வலது சுத்தமா போச்சு. இடதுல கிட்ட வந்து பேசினா கொஞ்சம் விழும்." அவர் குரல் தாழ்ந்துபோயிருந்தது. "திண்டுக்கல்லுக்குத் தனியா போயி டாக்டரப் பாத்தேன். நரம்புங்கிறாரு. மெஷின் மாட்டச் சொன்னாரு. காதுல மெஷினோட போயி நான் ஸ்டாண்டுல நிக்கவா?"

"அப்ப இத்தனை நாளா மலையில எப்படி ஓட்டுனீங்க?"

"நீ முன்னாடி உக்காந்திருப்பல்ல. மேல ஹாரன் கேட்டா உன் புருவம் லேசா ஏறும். பெரிய வண்டின்னா கால நல்லா ஊனுவ. அதப் பாத்துத்தான் நிப்பேன். இன்னைக்கு நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட."

இரண்டு வருடம். வாரத்துக்கு நாலு தடவை அந்த மலையில் என் முகத்தை நம்பி ஏறியிறங்கியிருக்கிறார். எனக்கு அந்த இடத்திலேயே அவரை அடிக்கவேண்டும்போல் இருந்தது. முதுகில் இரண்டு அடி அடிக்கவும் செய்தேன். உயிரோடு விளையாடியிருக்கிறாரே என்ற கோபம் ஒரு பக்கம், யாரிடமும் சொல்லாமல் இந்த மனுசன் எப்படிக் கிடந்து தவித்திருப்பார் என்ற வருத்தம் ஒரு பக்கம். ஊரிலுள்ள தராசுக்கெல்லாம் அடியில் குனிந்து பார்த்தவள், பக்கத்தில் படுத்திருக்கிற ஆளுக்குக் காது கேட்கவில்லை என்பதைப் பார்க்கவில்லையே என்ற அவமானம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

"அப்ப அந்தக் காரெல்லாம் ஏன் வேண்டாம்னீங்க?"

"நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சாத்தானே வேணும்னு சொல்ல முடியும்? வேண்டாம்னு சொன்னா தப்பு வராதுன்னு நெனச்சேன். நம்ம பழைய வண்டி என் காதுகிட்டயே ஒரு மாசம் கத்திச் செத்துருக்கு. இன்னொன்ன உன் தலையில கட்டிருவேனோன்னு பயமா இருந்துச்சு."

சீசனுக்கு ஒன்பது நாள் இருந்தது. காரை விட்டு இறங்கிப் போய் அவர் பக்கக் கதவைத் திறந்து, "எறங்குங்க" என்றேன். எனக்கு லைசென்ஸ் உண்டு. ஊருக்குள்ளும், பக்கத்துக் கிராமமான கவுஞ்சி வரைக்கும் ஓட்டியிருக்கிறேன். பழனி மலைப்பாதையை மட்டும் அவர் எனக்கு விட்டதில்லை. அன்று அந்த இரண்டு வளைவையும் நான் இறக்கினேன். வேர்வையில் ஸ்டியரிங் வழுக்கியது.

யார்டுக்குப் போனதும் எஞ்சினை ஆறவிட்டோம். பிறகு மறுபடி கிளப்பிவிட்டுப் பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவரை அவர் என் கையில் கொடுத்தார். எங்கே வைக்கவேண்டும் என்று விரலால் காட்டினார். நான் கைப்பிடியைக் காதில் வைத்துக் குனிந்தேன். உள்ளே ஒரு ஊரே இருந்தது.

"எப்படிக் கேக்குது? வாயால செஞ்சு காட்டு."

"டிக்டிக்டிக்டிக்."

"மேலயா, அடியிலயா?"

"மேல."

"கீழ வையி. அங்கன டக்டக்னு கனமா வருதா?"

"இல்லங்க. உர்ர்ர்ர்னு சீரா இருக்கு."

என் உதட்டை அவ்வளவு உன்னிப்பாகக் கல்யாணமான புதிதில்கூட அவர் பார்த்ததில்லை. அடுத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தச் சொன்னார், நிதானமாக விடச் சொன்னார். நான் அவர் முகத்துக்கு நேராக நின்று சிங்கம் போல உறுமினேன், பம்பு செட் போல இருமினேன். யார்டில் கார் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. அவர் உள்ளங்கையை எஞ்சின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "மேல டிக்டிக்னா டேப்பட்டு. அரை மணி நேரச் சோலி. அடியில சுத்தமா இருக்கு" என்றார். நானும் என் பங்குக்கு எல்லாவற்றையும் சோதித்தேன். சீட் பெல்ட்டை இழுத்தேன், பெடல் ரப்பரைத் தடவினேன், டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். மீட்டருக்கும் ரப்பருக்கும் ஒத்துப்போனது. "வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"வாங்கலாம்" என்றார். இத்தனை நாளில் அன்றுதான் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

கிழவர் துண்டை எடுத்தார். அதெல்லாம் வேண்டாம், வாயால் பேசுங்கள் என்றேன். அவர் பொக்கை வாயால் சிரித்தார். "தம்பிக்குக் காது மந்தம்னு முத நாளே எனக்குத் தெரியும் தாயி. நாலு பேருக்கு முன்னால என்னத்துக்குக் கத்தணும்னுதான் வந்ததும் வராததுமா துண்டப் போட்டேன். உனக்குத் தெரியாதா?" என்றார். நான் ஆர்.சி. புத்தகத்தைத் திருப்பிக் கேட்டேன். கமிஷன் கொடுக்கிறார் என்று நான் நினைத்த ஆள், என் புருசனின் மானத்தைத் துண்டுக்குள் மறைத்துக் காப்பாற்றியிருக்கிறார்.

சீசன் தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் முதல் நடை துணியை நானே ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தேன். மேனேஜர் மூட்டைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "நீங்களாக்கா ஓட்டுனீங்க?" என்றான். திண்டுக்கல் வேன் வரவில்லை. காது மெஷினுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தோம்.

ஸ்டியரிங்கை இனிமேல் தொடக்கூடாது என்று சத்தியம் கேட்டேன். "சரி" என்றார். அந்தச் சரியை நான் நம்பவில்லை. இருபத்தைந்து வருடம் ஓட்டிய கை சும்மா இருக்குமா? நான் குளிக்கப் போகிற நேரத்தில், கடைக்குப் போகிற நேரத்தில், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும்? எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடிவந்தால் யார் முகத்தைப் பார்த்து நிற்பார்? முதல் நாளே அவர் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சாவியை அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்து வைத்தேன். தினமும் வெள்ளனே எழுந்து கார் மீட்டரையும் பார்த்துவிட்டு வருவேன். ஒரு கிலோமீட்டர் கூடியதில்லை. அப்படியும் என் சந்தேகம் குறையவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். திடீரென்று கோடை மழை இறங்கியது. வாசலில் மூட்டைகள் கிடந்தன. மறுநாள் கொண்டுபோகவேண்டிய துணி. "ஐயோ, தார்ப்பாய் டிக்கியில கெடக்கே!" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். எழுந்தபிறகுதான் சாவி நினைவு வந்தது. இரண்டு கையிலும் மாவு. அவர் எதிரே நின்றார். சாவி எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று முழித்தேன்.

அவர் கேட்கவில்லை. என்னைத் தாண்டிப் போய் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டு, துழாவாமல், ஒரே எடுப்பில் சாவியை எடுத்தார். வெளியே ஓடித் தார்ப்பாயைக் கொண்டுவந்து மூட்டைமேல் போர்த்தினார். நனைந்த தலையோடு திரும்பி வந்து, சாவியைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே அழுத்தி வைத்தார். மேலே அரிசியை உள்ளங்கையால் சமமாக நிரவிவிட்டார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவருக்குத் தெரிகிற மாதிரி எதிரே போய் நின்று, "எப்ப பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"நீ வச்ச அன்னைக்கே." மூடியை எடுத்து என்னிடம் நீட்டினார். "அங்கனயே கெடக்கட்டும். சில நாள் காலையில எந்திரிச்சா கை அதைத் தேடுது. நீ ஒளிச்சு வச்சிருக்கன்னு நெனச்சுக்கிட்டா, திரும்பப் படுத்துக்கிருவேன்."

நான் மாவுக் கையோடு மூடியை வாங்கி டிரம்மை மூடினேன்.